மஞ்சள் சட்டை போகும்வரை

ஒரே முக்கில் இரண்டு மணி நேரம் நின்றபிறகு, தாம் எதற்காக நிற்கிறோம் என்பதே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சந்தேகமாகிவிட்டது.

சைக்கிள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் வழி தெரிந்தவர் தலைவர் ஒருவர்தான். சாலை பிரியும் இடம் வந்தால், அவர் தமக்கு அடுத்து வருபவரைப் பார்த்து விரலை நீட்டுவார். விரல் பட்டவர் இறங்கி அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கைகாட்ட வேண்டும். கூட்டத்தின் கடைசி ஆளுக்கு ‘வால்’ என்று பெயர். யார் வாலோ அவர் கண் கூசும் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். மஞ்சள் சட்டை வந்து சேர்ந்ததும், முக்கில் நிற்பவர் அதற்கு முன்னால் ஏறிக்கொண்டு கிளம்பலாம். அதுவரை வானமே இடிந்து விழுந்தாலும் நகரக் கூடாது.

போன மாதம் கண்ணாடிக் கடைக்காரர் நகர்ந்துவிட்டார். எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து மிதித்துவிட்டார். பின்னால் வந்த ஆறு பேர் வழி தெரியாமல் நேரே ஒரு சிமெண்ட் ஆலையின் பூட்டிய கதவு முன் போய் நின்றார்கள். வாரம் தவறாமல் டயரில் காற்று இறங்குவதால் ‘பஞ்சர்’ என்று பெயர் வாங்கியவர் அதிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன கண்ணாடி சார், வீடு கட்ட ரெண்டு மூட்டை வாங்கித் தரட்டுமா?” என்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சங்கத் தலைவர் கண்ணாடிக் கடைக்காரரின் மாப்பிள்ளை. அங்கேதான் சிக்கல்.

ஒரு வருடத்துக்கு முன்னால், மகள் வீட்டு விருந்தில், மாப்பிள்ளை புதுக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். வேறு கடையில் வாங்கியது. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் மாமனார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்! அந்தக் கண்ணாடியின் சட்டம் இடதுபக்கம் சரிந்திருந்ததை வேறு அவர் கண் கண்டுபிடித்துத் தொலைத்தது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு இருவரும் பேசியதெல்லாம் மகள் வழியாகத்தான். அவரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதும் மகள்தான்.

இன்று காலை சவாரிக்குக் கிளம்பும்போது அவள் தன் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: “அப்பா, இன்னொரு தடவை சொல்லாமக் கொள்ளாம எழுந்து வந்தீங்கன்னா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இனிமே நிக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க மாப்பிள்ளையாச்சு.”

“நான் எங்கம்மா போகப்போறேன்?” என்றார் அவர்.

எங்கும் போகவில்லை. அதுதான் இப்போது தொந்தரவு.

நீண்ட குளிருக்குப் பிறகு வந்த முதல் நல்ல வெயில். சாலையோர மரங்களில் நேற்றுவரை இல்லாத தளிர்கள் மினுங்கின. ஞாயிற்றுக்கிழமை என்பதால் முக்கில் இருந்த மரச்சாமான் கிடங்கு பூட்டியிருந்தது. எட்டேகால் மணிக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் விரலை நீட்டினார். இவரும் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். காற்சட்டையில் பையில்லாததால் கைபேசியைக் காலையிலேயே மகள் மாப்பிள்ளையின் பையில் போட்டுவிட்டிருந்தாள்.

அடுத்து பதினோரு பேர் கடந்தார்கள். கிளம்பும்போது மொத்தம் எத்தனை பேர்? பதினான்கா, பதினாறா? அந்த நேரத்தில் அவர் ஹெல்மெட்டின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரை வாலாகப் போட்டார்கள் என்பதையும் கவனிக்கவில்லை. கடைசியாகப் பல் டாக்டரம்மா நீலச் சட்டையில் தனியாக வந்தார். புதர் ஓரம் நின்றிருந்த இவரைப் பார்த்ததும் என்னவோ போலத் தலையைத் திருப்பிக்கொண்டு, “சார், நீங்க...?” என்றார்.

“நீங்க போங்க டாக்டர். நான் இருந்து வர்றேன்.”

“சரி, சரி,” என்று அவசரமாக மிதித்துப் போய்விட்டார்.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை.

ஒன்பதரைக்கு ஒரு மஞ்சள் சட்டை வந்தது, ஆனால் எதிர்த்திசையிலிருந்து. துருப்பிடித்த சைக்கிளில், பின்னால் ஒரு மண்வெட்டி. இவர் குழம்பிப்போய்க் கையை ஆட்டினார்.

“ஏங்க, வால் நீங்களா?”

வந்தவர் காலை ஊன்றி நின்றார். “யாரைப் பார்த்து வாலுங்கறே?”

“இல்ல, மஞ்சள் சட்டை...”

“ரோடு போடற சட்டை இது. காலையிலேயே ஏத்திக்கிட்டியா பெரியவரே?”

அவர் போனபிறகு இவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. போய்விட்டால், ‘மறுபடியும் எழுந்து போயிட்டார்’ என்பார்கள். நின்றால்? இவ்வளவு நேரமாகக் காணோம் என்று, போய்விட்டதாகத்தான் ஏற்கெனவே நினைத்திருப்பார்கள். நின்றாலும் போனதாகக் கணக்கு, போனாலும் போனதாகக் கணக்கு. ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்ப்பவருக்கு நட்டநடு வெயிலில் ஒன்றுமே புலப்படவில்லை.

வெயில் ஏறியதும் சாலையைக் கடந்து கிடங்கு நிழலில் ஒதுங்கினார். அது இன்னொரு வினையாயிற்று. அந்தப் பக்கம் நின்று வலக்கையைக் காட்டினோமா, இடக்கையா? மாப்பிள்ளை போனது மரங்கள் உள்ள சாலையிலா, வேலி போட்ட சாலையிலா? மனதுக்குள் இரண்டு முறை திரும்பி நின்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாலை வந்தது.

பத்தேகாலுக்கு, காலையில் கூட்டம் வந்த அதே திசையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டை வந்தது. தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. மேலே மாப்பிள்ளையின் தலை. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை மூச்சு வாங்க நின்றார். “மாமா.”

ஒரு வருடத்துக்குப் பிறகு நேரே வந்த முதல் வார்த்தை.

“நீங்கதானே முன்னாடி போனீங்க?” என்றார் இவர். “பின்னாடியிருந்து எப்படி வர்றீங்க?”

“குறுக்கு வழியில வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன். காப்பிக் கடையில எல்லாரும் நீங்க கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு சொன்னாங்க. நானும்...” நிறுத்தினார். “நானும் அப்படித்தான் நினைச்சேன். வீட்ல உங்க பொண்ணு விட்டா பாருங்க ஒரு டோஸ்! ‘மஞ்சள் சட்டை அந்த முக்கைத் தாண்டிச்சா? தாண்டலைன்னா அப்பா அங்கேயேதான் இருப்பார், போய்ப் பாருங்க’ன்னா.”

“தாண்டலையே.”

“எப்படித் தாண்டும்? டாக்டரம்மாதான் வால். வெயில் தாங்கலைன்னு மேல போட்டிருந்த மஞ்சளைக் கழட்டிப் பைக்குள்ள வெச்சுட்டாங்க. காப்பிக் கடையில எங்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க.”

“என்னைப் பார்த்தாங்களே? ஏன் கூப்பிடலை?”

மாப்பிள்ளை உதட்டைக் கடித்தார். “ஆம்பளை புதர் ஓரமா நின்னு ‘நீங்க போங்க’ன்னா அதுக்கு மேல நான் என்ன கேக்கறதுன்னு சொல்றாங்க.”

இவர் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளைக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த சிரிப்பில், வேர்வையில் வழுக்கி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதே கண்ணாடி. இடதுபக்கம் இன்னும் சரிவு. இவர் கை தன்னால் நீண்டு அதை மேலே தள்ளி நிமிர்த்தியது. நீட்டியபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

“கண்ணாடிக் கால் தளர்ந்திருக்கு,” என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“நாளைக்குக் கடைக்கு வர்றேன்.” மாப்பிள்ளை சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “வால் வந்தாச்சு மாமா. ஏறுங்க. நீங்க முன்னாடி.”

இவர் ஏறினார். ஒரு காலை மிதியில் வைத்தபடி இரண்டு சாலைகளையும் பார்த்தார்.

“எந்தப் பக்கம்?”

“முக்குல நின்னவர் நீங்க. என்னைக் கேட்டா?”

கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உறுதியாகக் கையை நீட்டினார், வேலி போட்ட சாலைப் பக்கம். மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

“சரி மாமா. போங்க.”

இரண்டு கிலோமீட்டர் போனதும், வேலிக்கு அப்பால் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி உண்டு என்பது அவருக்கு அதுவரை தெரியாது. நிற்பதா, திரும்புவதா என்று தெரியாமல் கொஞ்சம் மெதுவாக மிதித்தார். பின்னால் வந்த சக்கரமும் மெதுவாயிற்று.