பங்கஸ் பிடிக்காத பசை

"டாக்டரம்மா வந்துட்டாங்க! நோயாளி மவுத்தாப் போன பொறவு."

பக்கீர் ஹாஜியார் சிரிக்கத்தான் சொன்னார். கௌசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஹட்டன் பஜாரில் அவருடைய ஹார்ட்வெயார் கடைப் பின்னறையில், மகள் மின்ஹா வைத்திருந்த கடல்தண்ணீர்த் தொட்டி மோர்போலக் கலங்கிக் கிடந்தது. கல்லில் ஒட்டிய பவளத் துண்டுகளெல்லாம் தோலுரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. நாற்றம் வாசலுக்கே வந்தது.

மின்ஹா ஏ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். கொழும்பில் ஒருவர் தொட்டியிலேயே வளர்க்கும் உயிர்ப்பவளத்தை வாங்கி, கல்லில் ஒட்டி வளர்த்து, நுவரெலியா ஹோட்டலொன்றின் மீன்தொட்டிக்குக் கொடுக்க இருந்தாள். அவள் தோழி கௌசியோ நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கேம்பஸ் போன முதல் ஆள். விலங்கியல் பட்டம். அதைக் கொண்டு ஆன வேலை ஒன்றுமில்லை.

போன வாரம் மின்ஹா போனில் கேட்டாள்: "கல்லுல ஒட்ட எது நல்லம் புள்ள?"

"சிலிக்கன் போடு, போதும்" என்று கௌசி போனை வைத்துவிட்டாள்.

எந்தச் சிலிக்கன் பசை என்று சொல்லவில்லை.

"கடையில ஈக்கிறதுலயே வெல கூடினதத்தான் எடுத்தேன்" என்று மின்ஹா டியூபை நீட்டினாள். "பங்கஸே புடிக்காதாம்."

வேறு எதை எடுப்பாள்? அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டையே பச்சையாகப் பூஞ்சணம் பூக்கிற ஊர் இது. பாத்ரூமுக்கு இதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குவார்கள்.

"அவ சொன்ன மாதிரித்தானே ஒட்டின?" என்றார் ஹாஜியார்.

"கௌசி மேல பிழை இல்ல வாப்பா. எனக்குத்தான் கைராசி இல்ல."

அந்தச் சொல்தான் கௌசியைக் குத்தியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

"இதுல பங்கஸைக் கொல்ற மருந்து கலந்திருக்கு மின்ஹா. பவளத்தையும் கொல்லும். நீ கேக்குறப்பவே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எரிச்சல். ஒனக்குக் கடை இருக்கு, வாப்பா இருக்காரு. நான் கஷ்டப்பட்டுப் படிச்சத நீ ஓசியில கேக்குறியேன்னு எரிச்சல்."

ஹாஜியார் முன்கடைக்குப் போய்விட்டார். மின்ஹா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசிரோட ஏதாச்சும் ஈக்கா? அத மட்டும் சொல்லு."

கௌசி கண்ணாடியோடு முகத்தை ஒட்டித் தேடினாள். மூலையில் ஒரு துண்டின் நுனியில் மட்டும் ஊதா நிறம் மிச்சமிருந்தது.

"அந்தா, அது. புதுசாக் கரைச்ச கடல்தண்ணியில போடு. பசை பட்ட எடத்த வெட்டி எறி. ஜெல் மாதிரி கெட்டியான சூப்பர் க்ளூ வாங்கு. சயனோஅக்ரிலேட்னு மட்டும் போட்டிருக்கணும், வேற மருந்து கலந்தது வேணாம். அடிப்பக்கத்த ஒத்தித் தொடச்சிட்டு ஒட்டு."

ஒன்றுவிடாமல் சொன்னாள். துண்டை எடுக்கத் தண்ணீருக்குள் கையை விடப் போனாள்.

"நீ கை வெக்காத" என்றாள் மின்ஹா.

பிறகு போனை எடுத்து, கௌசி சொன்னதெல்லாம் சரிதானா என்று அவள் கண்முன்னாலேயே தேடிப் பார்க்கத் தொடங்கினாள்.