மஞ்சளாகாத குழி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தப்பு என்னுடையது என்றால் இன்னும் சீக்கிரம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் போன் செய்தான். "பாப்பா ரத்தத்துல மருந்தே இல்லையாம். வெள்ளிக்கிழமையிலிருந்து வேற மருந்துக்கு மாத்தப் போறாங்க. ரொம்பக் கடுமையானதாம். குழந்தை தாங்குவாளான்னு கேட்டேன், பார்க்கலாம்னார் டாக்டர்."

பேனா தொலைந்தால்கூட வீட்டை இரண்டாக்குகிறவன் அண்ணன். அன்று குரலையே உயர்த்தவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

அவன் மகளுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். வீட்டில் அவளைச் சுண்டெலி என்போம். அந்த நோய்ச் செல்களுக்கு ஒரு சத்தைத் தாமே செய்துகொள்ளத் தெரியாது, ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் பிழைக்கும். பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு நொதியை ஊசியில் ஏற்றினால், அது ரத்தத்திலுள்ள அந்தச் சத்தை ஒன்றுவிடாமல் சிதைத்துவிடும். செல்கள் பட்டினி கிடந்து சாகும். ஏற்றிய நொதி ரத்தத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்து லேபில், என் வேலை.

ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். குழிக்கு அடியில் ஆன்டிபாடியை ஒட்டவைத்திருப்போம். அது அந்த நொதியை மட்டும் இனம்கண்டு பிடித்துவைத்துக்கொள்ளும். பிடித்திருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் போலவே இருக்கும்.

எங்களுக்கு வரும் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர், வயது, என்ன மருந்து, எதுவும் வராது. தெரிந்துவிட்டால் கண் தனக்குப் பிடித்ததைப் பார்க்கும் என்பது லேப் தலைவரின் கட்சி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கறார்.

அண்ணனிடம் எண் கேட்டேன். நானூற்றுப் பதினேழு. நோட்டைப் புரட்டினேன். "இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. 

மீதியிருந்த ரத்தத்தில் அன்றே மறுபடி பார்த்தேன். அதே தண்ணீர். அளவு தெரிந்த நொதியை விட்ட குழிகளெல்லாம் பளிச்சென்று மஞ்சளாக நின்றன.

"தட்டு சரியாத்தான் இருக்கும்மா," என்றார் கறார். தட்டு சரி என்றால் அந்த "இல்லை"யும் சரி என்றாகிவிடும்.

மறுநாள் அண்ணியை வார்டு வராந்தாவில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. "முதல் மருந்து ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுச்சே, அப்புறம் போடுறது அவளுக்கு நல்லா ஒத்துக்குது. இதுவும் வேலை செய்யலன்னா எப்படி?"

மருந்தை மாற்றியது எனக்குத் தெரியும். கம்பெனி மாறியிருக்கும் என்று நினைத்து, கேட்காமலே விட்டிருந்தேன். இப்போது கேட்டேன்.

"வேலை அதேதானாம். வேற பாக்டீரியாவிலிருந்து எடுத்ததுன்னு நர்ஸ் சொன்னாங்க. ஏன், அதனால என்ன?"

"அண்ணி, இன்னைக்கு ஊசி போட்டதும் காலி பாட்டிலைத் தூக்கிப் போடவிடாதீங்க. எனக்கு வேணும்."

பாட்டிலின் அடியில் இரண்டு சொட்டு ஒட்டியிருந்தது. ஒரு சொட்டை அளவாகக் கரைத்துக் குழியில் விட்டேன். ரத்தம் இல்லை, வேறு கலப்பில்லை, மருந்தேதான். மூன்று மணி நேரம் கழித்தும் குழி தண்ணீராகவே இருந்தது. என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, தட்டைக் கறாரிடம் நீட்டினேன்.

"ஆன்டிபாடி மேல தப்பில்ல சார். அதுக்கு முதல் மருந்தோட முகம்தான் தெரியும். இந்த முகம் தெரியாது. தெரியாதுங்கிறதை நான்தான் இல்லைன்னு எழுதிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். "முகம் வேண்டாம். வேலை செய்யுதான்னு பாரு."

சுண்டெலியின் ரத்தத்தில் இன்னும் சில சொட்டு இருந்தது. அதில் அந்தச் சத்தைக் கலந்தேன். நொதி அதைச் சிதைத்தால் அம்மோனியா வெளிவரும். அம்மோனியா இருந்தால் நாங்கள் சேர்க்கும் கரைசல் ஆரஞ்சாகும். அரை மணி நேரத்தில் குழாய் நல்ல ஆரஞ்சாக மாறியது. மருந்து அவள் ரத்தத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கறார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை டாக்டர் இப்போது போடுகிற மருந்தையே தொடரச் சொல்லிவிட்டார். அண்ணன் லேப் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்!"

நன்றியாகத்தான் சொன்னான். லேபில் சொந்தக்காரர் இல்லாத குழந்தைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் என் காதில் விழுந்தது. அவன் போனதும் நோட்டை எடுத்தேன். இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு "இல்லை" இருந்தது. முன்னூற்று எண்பத்தெட்டு, நானூற்று இரண்டு.

"பேர் வேண்டாம் சார். எந்த மருந்துன்னு மட்டும் கேளுங்க."

இருபது வருட விதியைக் கறார் அன்று தானே மீறி, வார்டுக்குப் போன் போட்டார். முதல் எண்ணுக்கு, எங்கள் ஆன்டிபாடிக்கு முகம் தெரிந்த அந்த முதல் மருந்து. அந்த "இல்லை" நிஜமான இல்லை. இரண்டாவதற்குப் பதிலைக் கேட்டுவிட்டு, போனை வைத்து என் பக்கம் திரும்பினார்.

"இதுவும் சுண்டெலிக்குப் போடுற மருந்துதான். பத்து நாளா அந்தக் கடுமையான மருந்துல இருக்கானாம். ஏழு வயசுப் பையன்."

குளிர்பெட்டியிலிருந்து நானூற்று இரண்டை எடுத்தேன். அரை மணி நேரத்தில் அதுவும் ஆரஞ்சு. முன்பு எழுதியது தவறு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆள் அனுப்புகிறேன் என்றார் கறார். வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிலில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் புண். பக்கத்தில் ஓர் அம்மா அவன் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸ் என்னைத் தடுத்தார்.

"குடுத்துட்டுப் போங்கம்மா, டாக்டர் சொல்லிப்பார். நீங்க எதுக்கு உள்ள?"

"எழுதினது நான்," என்றேன். "அந்தப் பையன் பேர் என்ன?"