சிவப்பு உறை தரமாட்டேன்

சுஜீதா சுத்தியலை ஓங்கி ஒரே அடி அடித்தாள். கடல் குளிரைத் தாங்குமா என்று பார்க்கக் குளிர்பெட்டியில் வைத்து, அப்போதுதான் எடுத்த சிவப்புக் கத்தியுறை, ஆணித்துளையின் ஓரமாக வெடித்துப் பிளந்தது.

"பாத்தீங்களே அண்ணா?"

"ஆர் சுத்தியலாலை அடிக்கப் போகினம்?" என்றான் கஜதீபன்.

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு சின்னப் பட்டறை எடுத்து, கடலில் முக்குளிப்பவர்களின் கத்திகளுக்கு இருவரும் உறை செய்கிறார்கள். வலையில் சிக்கிக்கொண்டால் அறுத்து வெளியேற இடுப்பில் கட்டியிருக்கும் கத்தி அது. பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கிக் கத்திமேல் அழுத்தினால் அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தகடு என்பதில்தான் சண்டை. தண்ணீருக்குள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று முக்குளிப்போர் சங்கம் சிவப்பு கேட்டது. கிடைத்த ஒரே சிவப்பு, அக்ரிலிக் படலம் ஒட்டிய ஏபிஎஸ் என்ற கடின பிளாஸ்டிக் தகடு. சுஜீதா பொலித்தீனையும் செய்து பார்த்தாள். அது உடையவில்லை, ஆனால் தலைகீழாகப் பிடித்ததும் கத்தி வழுக்கி விழுந்தது. பிவிசியும் அக்ரிலிக்கும் கலந்த கறுப்புத் தகடோ சுத்தியலடிக்கு நசுங்கியதே தவிர வெடிக்கவில்லை.

"நான் அவையளுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றான் கஜதீபன்.

"நீங்கள் சொன்னீங்கள். நான் சொல்லேல்லை."

சனிக்கிழமை சங்கத்துக்குச் சுஜீதா கறுப்பு உறைகளோடுதான் போனாள்; கஜதீபனும் கூடப் போனான். புது உறையோடு கடலில் இறங்கி ஏறிய மெட்டே என்ற பெண், கத்தியைக் கழற்றாமலே நேராகச் சவுனா என்ற வெப்ப அறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது உறையின் வாய் தளர்ந்து, கத்தி தரையில் விழுந்தது.

சுஜீதாவுக்கு முகம் கொதித்தது. இந்தச் சூட்டை அவள் சோதித்துப் பார்க்கவே இல்லை.

சங்கத் தலைவர் நீல்ஸ் சிரித்தார். "உன்னுடையது உருகுகிறதே! சிவப்பையே கொடு."

"இது சூட்டில் தளரும், உண்மைதான்," என்றாள் சுஜீதா டேனிஷில். "சவுனாவுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று உறையிலேயே பொறித்துத் தருகிறேன். இங்கே விழுந்தால் குனிந்து எடுக்கலாம். சிவப்பு குளிரில் வெடிக்கும்; வலைக்குள் கிடக்கும்போது கத்தி விழுந்தால்? சிவப்பு உறை தரமாட்டேன்."

"வேறு ஆளிடம் வாங்குவோம்."

"வாங்குங்கள். அதில் என் பெயர் இருக்காது."

திரும்பும் வழியில் கஜதீபன், "சங்கம் முழுக்கப் போச்சு. உனக்குப் பயமே இல்லையோ?" என்றான்.

"பயம் இருக்கு. அதுக்காக வெடிக்கிறதை விக்க ஏலாது."

நீல்ஸ் சொன்னபடியே வேறிடத்தில் வாங்கினார். அடுத்த வாரம் மெட்டே மட்டும் தனியாகப் பட்டறைக்கு வந்து, தன் கத்தியை மேசையில் வைத்தாள். கறுப்பிலேயே புது உறை வேண்டுமாம், சவுனாவுக்கு முன் கழற்றிவிடுவாளாம்.

கஜதீபன் தகட்டைச் சூடாக்க வைத்தான். "ஒரு உறைக்காகப் பட்டறை திறக்கிறம்," என்று முணுமுணுத்தான்.

"ஓம்," என்றாள் சுஜீதா, கையுறையை மாட்டிக்கொண்டே. "ஒண்டுக்கும் திறப்பன்."