வளவுக்குள் ஒரு வயல்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு பலாக்காயில் தொடங்கியது. கல்முனையில் ஒரு வீட்டில் பலா காய்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கறிக்கு ஒன்று வாங்கப் போனேன். பின்வளவில் கிணற்றடிக்கு அப்பால், பாதி உக்கிப்போன நான்கு தென்னங்குற்றிகளை எல்லையாகக் கிடத்திய ஒரு சதுரத் தரை. உள்ளே கீரை முளைத்திருந்தது. இது என்ன பாத்தி என்று கேட்டேன். வீட்டுக்காரி பலாக்காயைத் தட்டிப் பார்த்தபடியே சொன்னார்:

"அதுவா? அது வயல். ஒரு மாரிக்கு மட்டும்."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அதில் எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. கதையில் அவளுக்குச் சுல்பிகா என்று பெயர் வைத்தேன்; அந்த வீட்டுக்காரியின் பெயர் அது அல்ல.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"எழுபத்தெட்டுச் சூறாவளி ஓய்ந்த காலையில் சுல்பிகா –"

வேண்டாம். சூறாவளியை முதல் வரியிலேயே உள்ளே விட்டால் கதையின் கூரையையும் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

"சீதனமாகக் கிடைத்த இரண்டு ஏக்கர் வயலைச் சுல்பிகா ஒருநாளும் –"

இதுவும் சரியாக வரவில்லை. ஆனால் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் வீட்டையும் வயலையும் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வயல் அவள் பெயரில், வெள்ளாமை அவர் கையில்; அவர்தான் போடியார். வயல்வெளியை வட்டை என்போம், மழைக்கால வெள்ளாமையை மாரி என்போம். சூடடிக்கும், அதாவது கதிரடிக்கும், களத்தைக் களவெட்டி என்போம். அங்கே குவியும் நெல் பொலி. பெண் கால் பட்டால் பொலியில் பரக்கத்து, அதாவது பெருக்கம், போய்விடும் என்பது பேச்சு.]

ஆகவே முப்பது வயதான சுல்பிகா தன் வயல் நெல்லைச் சாக்கில் மட்டுமே பார்த்தவள். களத்தில் குவிந்து கிடக்கும்போது ஒரு தரம், ஒரே ஒரு தரம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அவளுடைய ஆசை அதுதான். வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

3

சரி, சூறாவளி வரட்டும். வந்தது, போனது. கூரை இல்லை. வளவுத் தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. விழுந்த மரமொன்றில் சுல்பிகாவின் புருஷன் காலிதீன் குந்திக்கொண்டிருந்தான். அவர்கள் வயலில் நின்று வேலை பார்க்கிற சாமித்தம்பி சொறிக்கல்முனையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான்.

"போடியார், வட்டை முழுக்க வெள்ளம். விதச்சதெல்லாம் போயிட்டு. தண்ணி வடிய இன்னும் கனநாள் செல்லும்."

"அப்ப இந்த மாரி நமக்கில்ல" என்றான் காலிதீன். "மிஞ்சின விதநெல்லும் சாக்குக்குள்ள நனஞ்சி முளச்சிட்டு. கோழிக்குப் போடு, சுல்பிகா."

சுல்பிகா சாக்குக்குள் கையை விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. வெள்ளை முளைகள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன.

"கோழிக்கா? இது உசிரோட இரிக்கி. மொளகாய்க் கண்டு வளக்கிற மாதிரி இஞ்ச மேடை போடுவம். தண்ணி வடிஞ்சா மறுகா புடுங்கி வயலுக்க நடுவம்."

"நடுறதா? இந்த வட்டைக்குள்ள ஆரு புள்ள நெல்ல நட்ட? நாம வீசி விதைக்கிற ஆக்கள்."

"விதச்சது எங்க?"

சாமித்தம்பி விழுந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குற்றி போடக் கோடரி கேட்டான்.

4

இந்த இடத்தில் எனக்கே சுல்பிகாமீது சந்தேகம் வந்தது. வேலைக்காரன் முன்னால் புருஷனை இப்படி மடக்குவாளா? கொஞ்சம் பதமாக எழுதிப் பார்த்தேன்:

"சுல்பிகா தலையைக் குனிந்து, தயங்கித் தயங்கி –"

அடித்துவிட்டேன். அது வேறு யாரோ. கத்தரியும் மிளகாயும் பயற்றையும் நிற்கிற அந்த வளவில் சுல்பிகா வைத்ததுதான் சட்டம். காலிதீன் ஒரு கத்தரிக்காய் பறிப்பதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் பறிப்பான். வயலில் அவன் போடியார், வளவில் அவள். நெல் வளவுக்குள் வந்த அன்றே அது அவள் ஆட்சிக்குள் வந்துவிட்டது. இது எனக்கு விளங்கியதும் கதை தானாக நடந்தது.

5

நான்கு தென்னங்குற்றிக்குள் நாற்று வளர்ந்தது. வெள்ளமும் வடிந்தது. இனித்தான் பிழை.

நெல் நட்டுப் பழகியவர் யாருமில்லை. சாமித்தம்பிக்கும் தெரியாது, காலிதீனுக்கும் தெரியாது. சுல்பிகாவுக்குத் தெரிந்தது மிளகாய் நடுகை. வரம்பில் நின்றபடி அவள் சொல்லச் சொல்ல, மிளகாய்க்கு விடுகிற இடைவெளியையே நெல்லுக்கும் விட்டார்கள். முழத்துக்கு ஒரு கன்று, தனித் தனியாக. ஒரு மாடு படுத்துறங்கலாம், அவ்வளவு வெளி. வட்டையே சிரித்தது.

"காலிதீன் போடியார்ர வயலுக்க மொளகாத் தோட்டமாம்!"

காலிதீன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டான். "ஊருக்குள்ள தல காட்ட ஏலாமக் கிடக்கு."

"அப்ப வயலுக்க காட்டுங்க. களையிருக்கு, புடுங்க ஆள் காணாது."

அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். அதைக் காட்டினால் அவன் அன்றைக்கே மாடுகளை வயலில் இறக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அந்தத் தனிக் கன்றுகள் கிளைக்கத் தொடங்கின. வெளி கிடைத்ததே என்று வெடித்து வெடித்து, ஒவ்வொன்றும் இரு கையாலும் கட்டிப் பிடிக்கிற அளவுக்குப் பருத்தது. சிரித்தவர்கள் வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.*

* விஷயம் தெரிந்தவர்கள், இடைவெளி ரொம்பக் கூடிப்போயிற்று என்று எனக்குக் கடிதம் எழுதக்கூடும். எழுதட்டும். வெள்ளம் வழித்துப்போன அந்த மாரியில் சுல்பிகாவின் வயல் அரிவாளைக் கண்டது.

6

சூடடிக்கிற நாள். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் காலிதீன் மனம் இளகி, "வா சுல்பிகா, வந்து பாரு" என்று களவெட்டிக்குக் கூப்பிடுகிறான். வாசிக்க நன்றாயிருந்தது. ஆனால் காலிதீனைச் செய்தவள் நான். அவன் கூப்பிடமாட்டான்.

இரண்டாவதில் அவள் வீட்டிலேயே இருக்கிறாள். நெல் சாக்கில் வந்து சேர்கிறது, வழக்கம்போல. எழுதி முடித்ததும் எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கசக்கி அடுப்புக்குள் போட்டேன்.

மூன்றாவது இது: பகல் சோற்றை எடுத்துப்போகச் சாமித்தம்பி வர முன்னமே, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளே வட்டைக்கு நடக்கிறாள். கடைசி வரம்பில் வந்து நிற்கிறாள். அந்தப் பக்கம் களவெட்டி. நடுவில் பொலி.

(பொலியை வர்ணிக்க எனக்கு வழியில்லை. நானும் பெண்தான். எந்தக் களவெட்டியும் என்னை உள்ளே விட்டதில்லை.)

"அதுல வெச்சிட்டுப் போ" என்கிறான் காலிதீன். "சாமித்தம்பி எடுப்பான்."

"ஆர்ர பொலி இது?"

சாமித்தம்பி காலிதீனைப் பார்க்கிறான். சுல்பிகா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்குகிறாள் –

7

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு பலாக்காய் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்காமல், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து நிறுத்தியதும் ஒரேயொரு திருத்தம் சொன்னார்:

"சோத்துச் சட்டி தலையில இல்ல, புள்ள. இடுப்புல."

தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:

"அப்ப மறுகா என்ன நடந்த? கால வெச்சீங்களா?"

"மெதுவாக் கதைங்க. அவரு உள்ளுக்கு இரிக்காரு."

உள்ளே யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். பிறகு என் காதோடு சொன்னார். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போகும்போது ஒரு பலாக்காயைச் சும்மா கையில் தந்தார்.

முற்றும் என்றும் நான் போடப்போவதில்லை. முடிந்தது, போதும், இல்லை என்ற சொற்களைக் களவெட்டிப் பக்கம் வாயெடுத்துச் சொல்லக் கூடாது, பரக்கத்து நிற்காது. நாம் இன்னும் அங்கேதான் நிற்கிறோம்.

இடுப்பில் சட்டியோடு சுல்பிகா வரம்பில் நிற்கிறாள். ஒரு கால் தூக்கியபடி. அவள் பின்னால் நீங்கள்தான் நிற்கிறீர்கள். போ என்பதா, நில் என்பதா, நீங்களே சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், சோறு ஆறுகிறது.