மெல்வதற்கு ஒரு பல்

பல் டாக்டரம்மாவிடம் பல்வலியோடு போகிறவர்கள் தாடைவலியோடு திரும்புவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. சொத்தையை அடைத்து முடித்த பிறகும் அவள் லேசில் விடமாட்டாள். ஓரத்தில் பிசிறு தட்டுகிறது என்பாள், நிறம் ஒரு பொட்டு வெளிறியிருக்கிறது என்பாள். அந்தக் கடைவாய்ப் பல்லை எவர் எட்டிப் பார்க்கப் போகிறார்? அவள் பார்ப்பாளே, அது போதாதா!

இப்படிக் குனிந்து குனிந்தே கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. தூக்கமும் போயிற்று, படுத்தால் அன்றைக்குப் பார்த்த பற்களெல்லாம் கண்முன் வந்து குறை சொல்லும். ஒரு நாள் வலது கட்டைவிரல் மரத்துப் போகவே எலும்பு டாக்டரிடம் காட்டினாள். நரம்பு நசுங்குகிறது, இப்படியே குனிந்து கிடந்தால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவர் பட்டென்று சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்தக் கை போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்ற பயத்தோடேயே தினமும் கிளினிக்கைத் திறந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் முதல் ஆளாக வந்தவர் அவளுடைய அண்ணன். பேச்சுக்குப் பேர்போன மனிதர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடப்பதே அவருக்குத் தண்டனை. பல்லை அடைத்தாயிற்று. கடித்துப் பார்த்து, சரி என்று தலையும் ஆட்டிவிட்டார். அவளோ மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி மெருகு போட ஆரம்பித்தாள். அவர் ‘ஆ… ஆ’ என்று என்னவோ முறையிட்டார். நாக்கை ஆட்டாதே என்று அதட்டினாள்.

அந்த நேரம் பார்த்து விரல் மரத்தது. கருவி நழுவி, அவர் உதட்டின் உட்புறத்தைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், நர்ஸ் அக்கா பஞ்சு வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது. டாக்டரம்மாவுக்குத்தான் உயிர் போய் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலும் அவள் காயம் பண்ணியதில்லை.

மாஸ்க்கைக் கழற்றினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரல் மரப்பதையும் எலும்பு டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

“பாப்பா, நான் மெல்றதுக்குத்தான் பல்லு கேட்டேன். கண்காட்சியில வைக்கவா கேட்டேன்?”

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் மனசு வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. அவர் தலையாட்டியபோதே வேலை முடிந்திருந்தது. கீறல் அதற்கப்புறம் வந்தது.

அன்றே கிளினிக்கைப் பூட்டினாள். சிகிச்சையும் ஓய்வுமாகச் சில வாரங்கள் போயின. விரலுக்கு உணர்வு திரும்பியது. எலும்பு டாக்டர் சம்மதித்த பிறகு மறுபடி கிளினிக்கைத் திறந்தாள். நாற்காலிக்கு வந்த முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். பல்லை அடைத்தாள். கடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

விளக்கு வெளிச்சத்தில் ஓரமாக மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நாக்கால் தொட்டால்கூடத் தட்டுப்படாத கோடு. அவள் கை துறுதுறுத்தது. நர்ஸ் அக்கா பழக்கதோஷத்தில் மெருகுக் கருவியை நீட்டினார். டிரைவர் விதியே என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“வேணாங்க்கா, உள்ள வைங்க,” என்று கிளவுஸைக் கழற்றினாள் டாக்டரம்மா. “இவர் பல்லு முடிஞ்சிருச்சு. என் கை எனக்கு இன்னும் ரொம்ப வருஷம் வேணும்.”