நடுவில் ஒரு சாண்

அக்காவுக்குப் படம் வரைவது பிடிக்காமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் தங்கை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பாள். சுவர்களில் ஓவியம் வரைந்து கொடுப்பதுதான் இருவருக்கும் தொழில். முதலில் காகிதத்தில் படம், அதன்மேல் கட்டம், வேலை கொடுத்த பார்ட்டியின் சம்மதம், பிறகு அதே கட்டத்தைச் சுவரில் போட்டு நிரப்புவது. நிரப்பி நிரப்பி அக்காவுக்கு அலுத்துவிட்டது. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை கேட்டு, திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டும் விட்டாள். விஷயம் அவள் கணவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பல் ஆஸ்பத்திரிச் சுவரோடு கதை முடிந்தது என்றிருந்தாள்.

எந்தச் சுவரானாலும் அக்கா இடது ஓரத்தில் ஆரம்பிப்பாள், தங்கை வலது ஓரத்தில். நடுவில் சந்திக்கும்வரை ஒருத்தியின் பக்கத்தை மற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது. தொழில் தொடங்கிய புதிதில் பார்த்துப் பார்த்து நொட்டை சொல்லி, குடுமிப்பிடிச் சண்டையே வந்ததால் வைத்துக்கொண்ட விதி இது. சண்டை நின்றது வாஸ்தவம்தான். கூடவே பேச்சும் நின்றுபோனதை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

நோயாளிகள் காத்திருக்கும் அறை அது. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீளக் கிளை, அதன்மேல் வரிசையாகப் பறவைகள். இதுதான் டாக்டரம்மா பார்த்துச் சரி சொன்ன படம். சனிக்கிழமை மதியம் இருவரும் நடுவுக்கு வந்து சேர்ந்தார்கள். கிளைகள் சேரவில்லை. அக்காவின் கிளை மேலே நின்றது, தங்கையின் கிளை அதற்கு ஒரு சாண் கீழே.

கிளையின் உயரத்தை அக்கா தரையிலிருந்து அளந்திருந்தாள். தங்கையின் பக்கம் நாற்காலிகளைக் குவித்து வைத்திருந்ததால் அவள் கூரையிலிருந்து அளந்திருந்தாள். கழுவிவிடும் தண்ணீர் ஓடட்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. டேப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தாலே போதும்.

அக்கா வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். தங்கை மூடியைப் பிடுங்கி மறுபடி மூடினாள்.

"அந்தப் பேப்பரை மடிச்சு வை அக்கா. ஒரே ஒரு தடவை கை போற போக்குல விட்டுப் பாரு."

டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கை பிரஷ்ஷை முக்கி, அக்காவின் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டுவிட்டாள். அதுவும் அக்காவின் பக்கத்தில்! அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருத்தத்தான் பிரஷ்ஷை எடுத்தாள். திருத்தப் போன இடத்தில் ஒரு சின்னக் கொம்பு முளைத்தது. கொம்பு மொட்டையாக இருந்ததால் ஓர் இலை வைத்தாள். தங்கை அதில் ஒரு பறவையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். அதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பச்சை தீர்ந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் கலந்து விரலாலேயே தீற்றினாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பும் இல்லை. பத்து வயதுக்குப் பிறகு இப்படி இருந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தாள். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பொல்லாத மனுஷி ஒன்றுமில்லை, பார்த்ததைச் சொன்னார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் சரின்னு சொன்ன படத்துல இது இல்லையே. இங்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துகிட்டு வர்றாங்க. நேரா ஒரு கிளை இருந்தாப் போதும்மா."

தங்கை சண்டைக்கு வரிந்துகட்டினாள். அக்கா அவள் தோளைத் தட்டி, சரி என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, தானே ரோலரை எடுத்து நடுப்பகுதி முழுவதையும் வெள்ளையடித்தாள். தங்கை பார்க்கமாட்டாமல் வெளியே போய் நின்றுகொண்டாள். வெள்ளை காய்ந்ததும் அக்கா இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து ஒரே கிளையாக்கிக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குப் பரம திருப்தி.

தெருவில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தங்கை அழுதாள்.

"உனக்கு மனசே இல்லையாக்கா? எப்படி உன் கையாலேயே அழிச்ச?"

அப்போதுதான் அக்கா திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னாள். தங்கை அழுகையை மறந்து நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கணவருக்கு போன் போட்டாள். அந்த வேலைக்குப் போகவில்லை, அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சுவர் அவ்வளவு நன்றாக வந்துவிட்டதா என்று கேட்டார்.

"வந்துச்சுங்க," என்றாள் அக்கா. "வந்ததை அழிச்சுட்டுத்தான் வந்துகிட்டிருக்கேன்."