உரசும் லைன்

12.8.2003, செவ்வாய். இன்று அப்பாவுக்கு மதிய மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது. ஒளித்து வைக்கச் சொன்னது நான்சி அக்கா என்றாலும், ஒளித்தது நான்தான்.

டெய்சி பேனாவை மூடினாள். பிறகு திறந்து, கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. அதுவும் அவளை உறுத்தியது.

"என்னைத் திட்டித்தான எழுதற?" என்றார் கட்டிலில் படுத்திருந்த ஸ்தனிஸ்லாஸ்.

"இல்லப்பா. என்னையத்தான்."

"அப்ப நோட்டு பத்தாதே, ஆத்தா."

அவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். அது காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியது. கோடையில் போர்வை நுனி பட்டாலே அலறுவார். ஆயுள் முழுக்க மின்கம்பம் ஏறிய லைன்மேன், காலில் கரண்ட் அடிக்கிறது என்று சொன்னபோது டெய்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மதுரை டாக்டர் இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று மார்பின். மற்றது வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை.

வலிப்பு மாத்திரை வலிக்கு எதற்கு? டெய்சி மாலையில் நர்சிங் உதவியாளர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பாடம் எடுத்த ரொனால்டு சாரிடம் கேட்டு, அவர் சொன்னதை இரண்டு முறை எழுதி, சரிதானா என்று மறுநாளும் கேட்டாள். அடிபட்ட நரம்பு, காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் சேதி அனுப்பும். வலிப்பு வரும்போது மூளைக்குள்ளும் நரம்புகள் அப்படித்தான் கட்டுமீறித் துடிக்கின்றன. அந்தத் துடிப்பை இந்த மாத்திரை அடக்குகிறது. மார்பின் வேறு வேலை பார்க்கிறது. வலிச் சேதி முதுகுத்தண்டிலும் மூளையிலும் ஏறவிடாமல் அமுக்குகிறது.

அதைக் கேட்டு ஸ்தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார். "அட, எங்க ஆபீஸ் கத. மார்பின் வந்து, கம்ப்ளெயிண்ட் போன எடுத்துக் கீழ வச்சிருது. மத்தது, லைன்ல உரசுற மரக்கொப்ப வெட்டுது. ரெண்டும் வேணும்ல?"

அதன்பிறகு அவர் போர்வை போர்த்தித் தூங்கினார். தன்னைப் பார்க்க வருகிறவர்களைக் கேலி செய்தார்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைப் பார்த்து, "வீட்ல யாருக்கு ஃபிட்ஸ்?" என்று கேட்டதிலிருந்து நான்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கொடைரோட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பரம்பரையில் வலிப்பு என்று ஒரு சொல் எழுந்தால் போதும், சம்பந்தம் நின்றுவிடும்.

இன்று மதியம் மாப்பிள்ளையின் அம்மா செபஸ்தியம்மாள் சொல்லாமல் வந்து நின்றார். "மாத்திரய ஒளிச்சு வைய்டி" என்று நான்சி பதற, டெய்சி அட்டையை அரிசி டிரம்முக்குள் செருகினாள். செபஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தின் இடப்பக்கத்தை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். காப்பியைத் தொடவில்லை.

"மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறாக. யாரோ சொல்லிட்டாகடி" என்றாள் நான்சி, அவர் போனபிறகு. அதற்குள் ஸ்தனிஸ்லாஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டெய்சி ஓடிப்போய் மாத்திரையை எடுத்துவந்து கொடுத்தாள். வலி அடங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நான்சி அட்டையைப் பழையபடி அரிசிக்குள்ளேயே வைத்தாள்.

"நேரந்தப்பிருச்சுப்பா" என்றாள் டெய்சி.

"கரண்ட் போனா, வர செத்த நேரம் ஆவும்ல. வந்திருச்சு. விடு" என்றார் அவர்.

புதன்கிழமை விடிந்து டெய்சி காப்பியோடு வந்தபோது ஸ்தனிஸ்லாஸ் போய்ச் சேர்ந்திருந்தார். முகத்தில் சுளிப்பில்லை. போர்வை கால்வரை இழுத்துப் போர்த்தியபடி, கசங்காமல் கிடந்தது. டெய்சி அந்தப் போர்வையின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நன்றி என்று சொல்லத் தோன்றியது. யாருக்கு என்று தெரியவில்லை.

சாயங்காலம் அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பினார்கள். துக்க வீட்டில் முதல் உலையைச் சம்பந்தி வீட்டார்தான் வைப்பார்கள். செபஸ்தியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அரிசி டிரம்மைத் திறக்கும் சத்தம் கேட்டபிறகுதான் நான்சிக்கு உறைத்தது. இருவரும் ஓடினார்கள். அவர் கையில் அட்டை இருந்தது.

"இது ஃபிட்ஸ் மாத்திரையில்ல? எங்க தெருவுல ஒரு புள்ளைக்குக் குடுக்கறாக."

நான்சி டெய்சியின் முழங்கையைக் கிள்ளினாள். டெய்சி மறைக்கவில்லை.

"ஆமாத்தை. அப்பாவுக்கு. ஆனா ஃபிட்ஸ் இல்ல, நரம்பு வலிக்கு."

"இதுக்கும் அதுக்கும் என்ன ஒட்டு?"

டெய்சி சொல்ல ஆரம்பித்தாள். ரொனால்டு சார் சொன்னது பாதியில் மறந்து போனது. அப்பா சொன்ன போனும், உரசுகிற கொப்பும் வாயில் வந்தன. "பெட்சீட்டு பட்டாலே கத்துவாக அத்தை. இத முழுங்குன பெறகு போத்திட்டுத் தூங்குனாக."

செபஸ்தியம்மாள் மெல்ல முந்தானையை விலக்கினார். இடக்கன்னம் ஒடுங்கிக் கிடந்தது.

"ஏத்தா, காத்து பட்டாலே வெட்டி இழுக்குமே, அதுவும் நரம்புதானா? பல்லுனு சொல்லி மூணு பல்லப் புடுங்கியாச்சு. பல்லுதான் போச்சு. மென்னு தின்னு வருசமாச்சு. காப்பி குடிக்கவே பயம்."

நான்சி டெய்சியைப் பார்த்தாள். டெய்சி தரையைப் பார்த்தாள்.

"எனக்கு இதுல நாலு தாயேன்."

"குடுறி" என்றாள் நான்சி உடனே.

டெய்சி அட்டைக்காகக் கையை நீட்டினாள். அக்காவின் கல்யாணம் இந்த அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தது. "குடுக்க மாட்டேன் அத்தை. அதுதானான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. டாக்டர் பாக்கணும். அதுதான்னாலும் கம்மியாத்தான் ஆரம்பிப்பாக. ரத்தம்லாம் எடுத்துப் பாப்பாக."

உலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. செபஸ்தியம்மாள் அட்டையை டெய்சியின் உள்ளங்கையில் வைத்தார். அரிசி அளந்து களைந்து போட்டுவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"மதுரைக்கு எப்பப் போவ?"

"நாளைக்கே. மிச்ச மார்பின வீட்ல வச்சிருக்கக் கூடாது, திருப்பிக் குடுத்துரணும்."

"அப்ப எனக்கும் ஒரு எடம் போடு. கொடைரோட்ல ஏறிக்கறேன்." பிறகு நான்சியிடம், "ஏ மருமகளே, நின்னுக்கிட்டே இருக்க. வெஞ்சனத்துக்கு வெங்காயத்த உரி" என்றார்.

நான்சி வெங்காயத்தோடு உட்கார்ந்தாள். அப்பாவுக்காக அன்றைக்கு அதுவரை அழாதவள், அப்போது அழுதாள். செபஸ்தியம்மாளின் தட்டில் சோறு விழுந்ததும் டெய்சி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு டெய்சி டைரியைத் திறந்தாள். அப்பாவைப் பற்றி எழுத நினைத்தாள். ஒரு வரி எழுதி அடித்தாள். கடைசியில் எழுதியது இதுதான்:

நாளை காலை முதல் பஸ். மார்பின் மிச்சத்தை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். கொடைரோட்டில் அத்தை ஏறுவார்கள். அவர்களுக்குச் சன்னல் ஓரம் இடம் போடக் கூடாது. கன்னத்தில் காற்றுப் படும்.